மூன்றாம் எண் விண்மீனை அளந்தவர்

திருவண்ணாமலையிலிருந்து எங்கள் குழுவின் கலைவாணி மேடம் இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் துண்டித்தேன். பெங்களூரில் ஒரு கூட்டத்தில், என் நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று எட்டுப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு செய்தியாக வந்தது: "அமீர் பாய் போயிட்டார். ஹார்ட் அட்டாக். சாயந்திரம் அடக்கம்." மடிக்கணினியை மூடிவிட்டுக் கிளம்பினேன். ஊத்தங்கரையில் பேருந்து அரை மணி நேரம் நின்றது. திருவண்ணாமலை வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். முதல் அழைப்பை எடுத்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன்.

அமீர்ஜானை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். வேங்கிக்கால் அலுவலகத்தில் அவரோடு இருந்தவர்களுக்கு அவர் நில அளவர். சங்கிலியும் கருவியும் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தவர், அன்று காலையும் ஒரு நிலத்தை அளந்துகொண்டிருக்கும்போதே சரிந்தவர். எங்கள் வானம் பார்க்கும் குழுவில் அவர் ஏழாவது ஆள். குழுவில் அவர் செய்த மிக நல்ல வேலை அவர் பேரில் பதிவாகவில்லை. என் பேரில் பதிவாகியிருக்கிறது. நல்ல மனிதர், சிரித்த முகம் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவரை முதலில் பார்த்தது அடி அண்ணாமலையில், ஒரு பௌர்ணமி மாலை. பௌர்ணமி வெளிச்சத்தில் மங்கலான எதையும் பார்க்க முடியாது. எங்களுக்கு அது ஓய்வு நாள். ஊருக்கோ அன்றுதான் கூட்டம். அதனால் கிரிவலப் பாதையோரம் தொலைநோக்கியை வைத்து, நடந்து போகிறவர்களுக்கு நிலாவையும் சனியின் வளையத்தையும் காட்டுவோம். நான் கைப்பேசியில் திசை பார்த்துத் தாங்கியை வடக்கு நோக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் மூன்று பேனா செருகிய ஒருவர் நின்று பார்த்தார்.

"தம்பி, வடக்கு அங்க இல்ல."

"போன் காட்டுதுங்க."

"போலீஸ் வெச்ச இரும்புத் தடுப்புக்கு ஓரமா போனை வெச்சிக்கினு இருக்க. அது வடக்கக் காட்டாது, தடுப்பத்தான் காட்டும். நாலடி தள்ளி வந்து பாரு."

தள்ளி வந்து பார்த்தேன். முள் நகர்ந்தது. நன்றி சொல்லவில்லை. "நீங்க யாருங்க?" என்று கேட்டேன். "சர்வேயர்" என்றார். அடுத்த வாரக் கூட்டத்துக்கு அவரே வந்துவிட்டார்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. உலகின் வேறு மூலைகளில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம் எடுக்கின்றன. போன படத்தில் இல்லாத ஒரு புதுப்புள்ளி இந்தப் படத்தில் இருந்தால் எச்சரிக்கை வரும். படங்கள் எல்லாருக்கும் பொது. நாங்கள் சிலவற்றை எடுத்து, அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது, எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று அளந்து, இணையத்தில் இருக்கும் ஓர் அறிவிப்புப் பலகையில் போடுவோம். அதைப் பார்த்து, தகுதியானது என்றால் பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பும். ஆயிரம் புள்ளிகளில் பெரும்பாலானவை குப்பை. மிச்சத்தில் நிறைய சூப்பர்நோவாக்கள், அதாவது ஆயுள் முடிந்து வெடிக்கும் விண்மீன்கள். மிக அரிதாக ஒன்று வேறு மாதிரி இருக்கும். பல கோடி விண்மீன்கள் சேர்ந்த ஒரு திரளின் நட்டநடுவில் கருந்துளை ஒன்று உட்கார்ந்திருக்கும். வழிதவறி அதன் பக்கத்தில் போன விண்மீனை அது கிழித்துவிடும். கிழிந்தது சுழன்று விழும்போது, அந்தத் திரளே மங்கிப்போகும் அளவுக்குச் சில மாதங்கள் எரியும். ஒரு திரளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. அப்படி ஒன்றையாவது எங்கள் குழு பிடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஆசை. பாய்க்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

அவர் விளக்கினால் எல்லோருக்கும் புரிந்துவிடும். அது எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஒரு பௌர்ணமியில் செய்யாற்றிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தொலைநோக்கிக்கு வரிசையில் நின்றது. அந்த அம்மா என்னிடம் கேட்டார், கருந்துளை விண்மீனைக் கிழிக்குமாமே, எப்படி என்று. நான் ஈர்ப்புவிசையின் ஏற்ற இறக்கம் என்று ஆரம்பித்தேன். அவர் கண் வேறெங்கோ போனது. பாய் குறுக்கே வந்தார்.

"அம்மா, கூட்டத்துல நாலு பேரும் கையப் புடிச்சிக்கினு தானே வந்தீங்க? முன்னால போறவர கூட்டம் இழுக்கற இழுப்பு ஜாஸ்தி. கடைசில வர்ற உங்கள இழுக்கறது கம்மி. அந்த வித்தியாசத்த உங்க கைப்பிடி தாங்கணும். தாங்கற வரைக்கும் குடும்பம். தாங்கலன்னா ஆளுக்கொரு பக்கம். நட்சத்திரமும் அப்படித்தான். தன்னைத்தானே புடிச்சிக்கினு இருக்குது. கருந்துளைக்குக் கிட்டக்க இருக்கற பக்கத்த ஜாஸ்தியா இழுக்கும், எட்டக்க இருக்கற பக்கத்த கம்மியா இழுக்கும். புடி விட்டுடும்."

"அப்புறம் மொத்தத்தையும் முழுங்கிடுங்களா?"

"எங்கங்க. பாதிதான் உள்ள போவும். மீதி பாதி சிதறி வெளிய ஓடிடும். வாய் பெருசு, சாப்பிடத் தெரியாது."

"நம்மள?"

"நாம கிட்டக்க போனாத்தான். அதுபாட்டுக்கு இருக்கும், தேடி வராது. எங்க ஆபீஸ் மாதிரி."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே போய், திரும்பி வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இன்றுவரை எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

அளப்பதில் அவருக்கு ஈடு எங்களில் யாரும் இல்லை. ஆனால் சேர்ந்த புதிதில் அவர் செய்த தப்பை நில அளவர் மட்டும்தான் செய்ய முடியும். தரையின் வரைபடத்தில் கிழக்கு வலது கைப்பக்கம். வானத்தின் வரைபடத்தை அண்ணாந்து பார்க்கிறோம், அதனால் கிழக்கு இடது பக்கம். இருபது வருடப் பழக்கம், அவர் கிழக்கை வலப்பக்கமே வைத்து அளந்துகொண்டு போய்விட்டார். யாரும் கவனிக்கவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டிய நானும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே கண்டுபிடித்து, குழுவுக்குச் செய்தி போட்டார்: "என் அளவுகள் பதினொன்றும் தவறு. கிழக்கு மேற்கு மாறிவிட்டது. சரியானது கீழே. இப்படிக்கு அமீர்ஜான்." பதினொன்றையும் மறுபடி அளந்து வைத்திருந்தார்.

அடுத்த கூட்டத்தில் நான் விடவில்லை. "பாய், ஆகாசத்தக் கீழ இருந்து பாக்கணும்."

"இருவது வருஷமா கீழ குனிஞ்சே சம்பளம் வாங்கனவன் நானு. திடீர்னு மேல பாருன்னா கழுத்து கேக்குமா?"

"சும்மா திருத்திட்டுப் போயிருக்கலாமே. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே இன்ஜினியர்" என்றார். "அளந்தவன்தான் திருத்தணும். அடுத்தவன் வந்து திருத்துனா அதுக்குப் பேரு கேஸு." இது சட்டமா என்று கேட்டேன். சட்டமெல்லாம் இல்லை, என் வழக்கம் என்றார்.

என்னிடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். ஒரு விரலால் தட்டுவார். ஒரு வரிக்கு ஒரு டீ. நான் வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன், திரும்பி வந்தால் அதே வரியில் உட்கார்ந்து, "இது ஏன் இங்க வருது?" என்பார். நான்கு முறை கேட்பார். நான்காவது முறை எனக்கே ஏன் என்று தெரியாது என்பது வெளிப்படும். என் நிரலை முழுவதும் படித்த ஒரே ஆள் அவர். என்னோடு சண்டை போடுவதற்காகவே படித்தார் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி அந்தப் புள்ளி.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு சிறிய விண்மீன் திரளில் நீலமாக ஒன்று எரிவதாக எச்சரிக்கை வந்தது. கேள்வி ஒன்றுதான்: திரளின் சரியான மையத்தில் எரிகிறதா, கொஞ்சம் தள்ளியா? மையத்தில் என்றால் கருந்துளையின் வேலையாக இருக்கலாம். தள்ளி என்றால் சாதாரண சூப்பர்நோவா. பழைய படத்தின் மேல் புதிய படத்தைப் பொருத்தி இதைப் பார்ப்போம். பொருத்துவதற்கு இரண்டு படத்திலும் இருக்கும் விண்மீன்கள் சில வேண்டும். நிலத்துக்கு எல்லைக்கல் மாதிரி. அந்தப் பகுதியில் கிடைத்தது நான்கே விண்மீன்கள். என் நிரல் ஓடியது. தள்ளி இருக்கிறது என்று சொன்னது. சூப்பர்நோவா என்று அறிவிப்புப் பலகையில் போட்டேன். என் பேரில். முழு நம்பிக்கையோடு. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் மதியம், அலுவலகச் சாப்பாட்டு நேரத்தில், பாய் ஸ்கூட்டரில் செங்கம் சாலைக்கு வந்தார். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக்கடை மாடியில் எனக்கு வாடகை அறை. கீழே வெள்ளைக்காரர்கள் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். பாய் படி ஏறும் சத்தத்தில் ஒருவர் கண் திறந்தார்.

"இன்ஜினியர், உன் கல்லு நகர்ந்துருக்கு."

"எந்தக் கல்லு?"

"மூணாம் நம்பரு. நாலுலயும் வெளிச்சமா இருக்கே, அது. பழைய படம் எடுத்து எத்தினி வருஷம் ஆச்சு? அதுக்குள்ள அது நடந்து போயிருக்கு. நீ அது அங்கயேதான் நிக்குதுன்னு வெச்சி பொருத்திட்ட."

விண்மீன்கள் நகரும். மிகச் சில, பார்த்துத் தெரியும் அளவுக்கு நகரும். விண்மீன் பட்டியலில் அதற்கென்று ஒரு பத்தி உண்டு. என் நிரல் வேகமாக ஓட வேண்டும் என்று அந்தப் பத்தியைப் படிக்காமல் விட்டிருந்தேன். வெளிச்சமான விண்மீனுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும்படி வேறு எழுதியிருந்தேன். நகர்ந்த கல்லையே முக்கியமான கல்லாக வைத்து நிலத்தை அளந்த கதை.

"அதெல்லாம் ரொம்ப கம்மி பாய். ஒண்ணும் ஆவாது."

"எவ்ளோ கம்மி? அளந்தியா?"

நான் அளக்கவில்லை. அவர் அளந்திருந்தார், காகிதம் கையில் இருந்தது. மூன்றாம் எண்ணை நீக்கினால் புள்ளி திரளின் மையத்தில் போய் உட்கார்ந்தது. நிறமும் சேர்த்துக் குறித்திருந்தார்: நாள் போகப் போக சூப்பர்நோவா சிவக்கும், இது நீலமாகவே இருந்தது.

எனக்குப் பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் நேர்காணல் இருந்தது, ஐந்து நாளில். நான் காட்டப்போவதே அந்த நிரலைத்தான். இதுவரை பொருத்துவதில் பிழை வந்ததில்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.

"இன்டர்வியூ முடியட்டும் பாய். அடுத்த வாரம் திருத்திடறேன்."

"அடுத்த வாரம் வரைக்கும் அது நிக்குமா? மத்தது மாதிரி மாசக்கணக்குல நிக்காது இது, தினம் மங்கிக்கினே வருது. இப்பவே யாராவது பெரிய கண்ணாடியில வெளிச்சத்தப் பிரிச்சி நிறமாலை எடுத்தாத்தான் ஊர்ஜிதம்."

"அவ்ளோ அவசரம்னா நீங்க போடுங்க. உங்க பேர்ல."

அவர் முகத்தில் கோபம் இல்லை. "போடலாம்" என்றார். "உன் பேர்ல போன தப்பு. திருத்தமும் உன் பேர்லயே வரட்டும். நீயே ஒரு வாட்டி அளந்து பாரு." காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று போய்விட்டார். மறுநாள் அழைக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, கலைவாணி மேடத்திடம்கூட.

அவர் வந்துபோன நான்காம் நாள் அளந்தேன். அவர் சொன்னதுதான். திருத்தத்தைப் போட்டேன்: "மீண்டும் அளந்ததில், பொருத்த எடுத்த விண்மீன்களில் ஒன்று இடம் பெயர்ந்திருப்பது தெரிந்தது. புள்ளி திரளின் மையத்தில் உள்ளது." அளந்தவர் யார் என்று அதில் இல்லை. நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

வேறொரு நாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கி திரும்பியது. ஆனால் புள்ளி மங்கிவிட்டிருந்தது, கருவியின் மின் இரைச்சலுக்கு நடுவே நிறமாலை பாதிதான் தெரிந்தது. இன்று அந்தப் பதிவில் இப்படி இருக்கிறது: கருந்துளை கிழித்த விண்மீன், அனேகமாக. அந்த 'அனேகமாக' என்னுடைய நான்கு நாள்.

நேர்காணலில் அந்தத் திருத்தத்தைப் பார்த்துவிட்டு, நீங்களே உங்கள் பிழையைக் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். தன் பிழையைத் தானே திருத்துகிறவர்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். வேலை கிடைத்தது. நேர்காணலில் சொன்ன பொய்யைத் தவிர மற்றதையெல்லாம் பாயிடம் சொன்னேன்.

"பாத்தியா, உன் தப்பு உனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு" என்று சிரித்தார். "என் தப்புங்களுக்கு மெமோதான் வந்துச்சு." அதற்குமேல் அந்தப் புள்ளியைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. அவருக்கு அது பெரிதில்லை போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எனக்கு வசதியான முடிவு.

அடக்கம் முடிந்த மறுநாள் கலைவாணி மேடமும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஷமீம் அக்கா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தபின் அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் காலம் அது. மேடம் மட்டும் உள்ளே போனார். நான் வாசலில் அவர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். அரை மணி நேரம் கழித்து வந்த மேடத்தின் முகம் சரியில்லை.

"ஒரு நட்சத்திரத்தப் பத்திக் கேட்டாங்கப்பா. போன வருஷம் நாலு நாள் இவரு சரியா சாப்பிடலையாம். தினம் சாயந்திரம் லேப்டாப்ப தொறந்து பாத்துட்டு, 'இன்னிக்கி இன்னும் கம்மியாயிடுச்சு'ன்னு சொல்லிட்டே இருந்தாராம். அது இன்னா ஆச்சு, கெடச்சுதான்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

நாங்கள் வந்த வண்டியைக் கிளப்பாமல் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நேர்காணலில் சொன்ன பொய்யையும் சேர்த்து. மேடம் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், கத்திப் பேசிப் பழகியவர். அன்று கத்தவில்லை.

"அவரும் போட்டிருக்கணும்" என்றார் கடைசியில். "நாலு நாள் உக்காந்து வேடிக்கை பாத்திருக்காரு. உனக்கு வழிவிட்டு அத விட்டுட்டாரு."

மேடம் சொன்னது சரி. பாய் செய்தது தப்பு என்று நானும் நினைக்கிறேன். மங்கிக்கொண்டிருக்கும் ஒன்று யாருடைய மனம் திருந்தும் வரையும் காத்திராது. என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் பேரில் அன்றே அறிவித்திருக்க வேண்டும். ஆனால் விளைவு தெரியாமல் அவர் காத்திருக்கவில்லை என்பதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. ஒவ்வொரு மாலையும் எவ்வளவு குறைந்தது என்று அளந்து, என்ன இழக்கிறார் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டே, எனக்கு நான்கு நாள் கொடுத்தார். அந்த மாதிரி ஒரு கணக்கை நான் யாருக்காகவும் போட்டதில்லை. அந்த ஒரு இடத்தில் அவர் முன்னால் எனக்குத் தலை குனிகிறது.

"இன்னொன்னும் சொன்னாங்க" என்றார் மேடம். "உன்னைப் பத்தி பாய் சொல்லுவாராம். அந்தப் பையன் வேகமா தப்பு பண்ணுவான், மெதுவா ஒத்துப்பான், ஆனா ஒத்துப்பான்னு."

அன்றே அறிவிப்புப் பலகையைத் திறந்தேன். பழைய பதிவில் பெயர் சேர்க்க விதி இடம் தரவில்லை. கீழே குறிப்பு எழுதலாம். எழுதினேன்: "மூன்றாம் எண் விண்மீன் இடம் பெயர்ந்ததை அளந்து கண்டவர் அமீர்ஜான், நில அளவர், திருவண்ணாமலை. முதல் அறிவிப்பும், திருத்தத்துக்கான நான்கு நாள் தாமதமும் என்னுடையவை." என் நிலையத் தலைவருக்கும் நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் பதில் போடவில்லை. என்ன பதில் வந்தாலும் சரி. ஷமீம் அக்காவுக்கு மேடம் மூலம் சொல்லி அனுப்பினேன்: கிடைத்தது, அனேகமாக.

அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, வராது. நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. இப்போது நான் தயாரிக்கும் அறிக்கை ஒவ்வொன்றிலும், அளந்தவர் என்ற வரிக்குக் கீழே, மறுத்தவர், அதாவது தப்பு இருக்கிறதா என்று தேடிச் சண்டை போட்டவர், என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். அந்த வரியில் பேர் விழாத அறிக்கை என் கையைவிட்டுப் போகாது. முதல் அறிக்கைக்கு ஆள் இல்லாமல் கலைவாணி மேடத்தை அழைத்தேன்.

"என்னப்பா, சண்டை போட ஆள் வேணுமா?"

"ஆமா மேடம்."

"அனுப்பு. ஆனா நான் பாய் கெடையாது. தப்புன்னு தெரிஞ்சா ஒரு நாள்கூட நிக்க மாட்டேன். என் பேர்லயே போட்டுடுவேன்."

"போடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அனுப்பினேன்.